ரசீதைக் கேளுங்கள், கணக்கையும் கேளுங்கள்

வடக்குச் சிலாங்கூரில் ஒரு குடும்பத் தலைவர் கண்ணை மூடினால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீட்டார் அரசாங்க அலுவலகங்களுக்கு நடக்க ஆரம்பிக்க வேண்டும். பாகான் நக்கோடா ஓமாரில் அவர் பேரில் இரண்டு ஏக்கர் செம்பனை நிலமோ, தென்னந்தோப்பை ஒட்டி ஒரு வீட்டு மனையோ இருந்தால், அது தானாகப் பிள்ளைகள் பேருக்கு மாறிவிடாது. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டத்தின்படி விண்ணப்பம் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், நில கெராண்ட், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், திருமணச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, கட்டணமும் மிகக் குறைவு. 20 லட்சம் வெள்ளி மதிப்பு வரை இருந்த வரம்பை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. ஏழைக் குடும்பம் உயர் நீதிமன்றப் படியேறாமல் சொத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே வந்த நல்ல சட்டம் இது.

ஆனால் அந்தச் சட்டத்துக்கும் அந்த விதவைக்கும் நடுவில் ஒரு மேசை இருக்கிறது. மேசைக்குப் பின்னால் ஓர் எழுத்தர் இருக்கிறார்.

இறப்புச் சான்றிதழில் கணவரின் பேர் ஒரு மாதிரி எழுதியிருக்கும், கெராண்டில் இன்னொரு மாதிரி இருக்கும். முனியாண்டி என்ற பேரை மலாய் எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் தோட்டத்து ஆவணங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். திருமணம் கோயிலில் நடந்திருக்கும், பதிவு செய்திருக்க மாட்டார்கள். 1982 மார்ச் முதல் தேதிக்கு முன்பு வழக்கப்படி நடந்த திருமணமென்றால் சட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு தாலி கட்டிப் பதியாமல் விட்டிருந்தால், நான் இவருடைய மனைவிதான் என்று நிரூபிப்பதே அந்த அம்மாவுக்குப் பெரும்பாடாகிவிடும். 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி, இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. பெற்றோரும் உயிரோடிருந்தால் மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்கு அரை, பெற்றோருக்குக் கால். இதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், காகிதக் கட்டை முகப்பிடத்தில் வைத்ததும் அது திரும்பித் தள்ளப்பட்டதும், ‘தாக் லெங்காப்’ என்ற இரண்டு சொற்களும்தான். முழுமையில்லை. எது முழுமையில்லை, எங்கே போனால் முழுமையாகும் என்று சொல்வதற்கு அந்த எழுத்தர் அரை நிமிடம் செலவழித்திருந்தால், அந்த அம்மா இன்னொரு நாள் கூலியை இழந்து இன்னொரு முறை வந்திருக்க வேண்டியதில்லை. பேர் வித்தியாசத்துக்குச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம் என்பது அந்த எழுத்தருக்கு அன்றாடம் தெரிந்த விஷயம். அதைச் சொல்வது அவர் வேலையில் சேர்ந்ததுதான். மனம் இருந்தால் சொல்லலாம், இல்லாவிட்டால் விடலாம் என்பதாக அதை வைத்திருக்கிறோமே, அதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

இப்படி அலைந்து சலித்த குடும்பங்களில் பல, விஷயத்தை அப்படியே போட்டுவிடுகின்றன. தாத்தா பேரில் இருக்கும் நிலம் பேரன் காலத்திலும் தாத்தா பேரிலேயே இருக்கிறது. நிலவரி நோட்டீஸ் செத்தவர் பேருக்கு வருகிறது, யாரும் கட்டுவதில்லை. சிலாங்கூரில் ஆண்டுதோறும் மே 31க்குள் நிலவரி கட்ட வேண்டும். கட்டாமல் போனால் நில அதிகாரி தேசிய நிலச் சட்டத்தின்படி ஆறு-ஏ நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குப் பிறகும் மூன்று மாதத்துக்குள் பாக்கி வந்து சேராவிட்டால் நிலத்தை மாநில அரசு பறிமுதல் செய்யலாம். ரத்தம் சிந்தி வாங்கிய இரண்டு ஏக்கர், ஒரு மேசையில் தொடங்கிய அலட்சியத்தால் இப்படிக் கைவிட்டுப் போக வழி இருக்கிறது.

நம்மவர்கள் ஏன் மேசைக்கு முன்னால் நின்று ‘எது குறைகிறது என்று எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்பதில்லை? தைரியம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் ஒரு பழைய வரலாறு தெரிகிறது. மலாயாத் தோட்டத் தொழிலாளிக்கு எழுத்தர் என்றாலே கிராணியார்தான். விடியுமுன் பெரட்டுக் களத்தில் அவர் பேர் வாசிப்பார். செக்ரோலில் அவர் குறித்தால் அன்றைக்குக் கூலி, குறிக்காவிட்டால் உழைத்த உழைப்பு காற்றோடு போனது. ரப்பர் பாலின் எடை அவர் கணக்கு, முன்பணம் அவர் கணக்கு, சம்பளத்திலிருந்து எதைப் பிடிப்பது என்பதும் அவர் கணக்கு. அந்தப் புத்தகத்தைத் தொழிலாளி திறந்து பார்த்ததில்லை. பார்த்தாலும் ஆங்கிலத்தில் இருந்ததைப் படிக்கத் தெரியாது. அவருக்கு மேலே துரை இருந்தார். துரையிடம் பேசுவதற்கும் கிராணியார்தான் வழி. முறையிட வேண்டியவர் மேலேயே முறையிட வேண்டியிருந்தால் யார்தான் வாயைத் திறப்பார்?

எல்லாக் கிராணிகளையும் ஒரே கோட்டில் நிறுத்துவது அநியாயம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் வந்தபோது, தொழிலாளியின் பேரையும் அடையாள அட்டை எண்ணையும் பிழையில்லாமல் பதிந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பதிவு சரியாக இருந்த குடும்பம் ஓய்வுக்காலத்தில் பணத்தைக் கையில் வாங்கியது, தப்பாக இருந்த குடும்பம் நடையாய் நடந்தது. ஒரு எழுத்தரின் ஒரு எழுத்துக்கு இவ்வளவு கனம். ஆனால் நல்லவரோ கெட்டவரோ, கிராணியாரின் முன் கைகட்டி நிற்கும் பழக்கம் ஒன்று நம் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது. தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிந்தன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அந்தப் பழக்கம் மட்டும் சுங்கை பெசார் அரசாங்க அலுவலகம் வரைக்கும் நம்மோடு வந்திருக்கிறது.

அதில்தான் ‘ரன்னர்’ பிழைக்கிறார். அலுவலக வாசலில் நிற்பார், தமிழில் பேசுவார், ‘குடுங்க அக்கா, நான் பாத்துக்கறேன்’ என்பார். அரசாங்கத்துக்கு முப்பது வெள்ளி கட்ட வேண்டிய இடத்தில் முன்னூறு வாங்குவார். அவர் செய்வதெல்லாம், முகப்பிடத்தில் இருப்பவர் சும்மா சொல்லியிருக்க வேண்டியதைக் காசுக்குச் சொல்வதுதான். ரன்னரைத் திட்டி எழுதுவதில் பயனில்லை. எழுத்தர் தன் கடமையைச் செய்யும் அலுவலகத்தில் ரன்னருக்கு வேலை கிடைக்காது.

நீதிமன்றத்தில் எழுத்தரின் இந்தப் பொறுப்பு இன்னும் கூர்மையாகிறது. மெஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும்: நீதிபதிக்குக் கீழே இயங்கும் பதிவதிகாரி அலுவலகமும், மொழிபெயர்ப்பாளரும், கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும் எழுத்தர்களும்தான் அந்த நாளை நகர்த்துகிறார்கள். வழக்கைப் பதிவது, தேதி குறிப்பது, சம்மன் அனுப்புவது, அபராதம் வாங்குவது, ஜாமீன் பணத்தைப் பெற்று வைப்பது, சாட்சிப் பொருளைப் பூட்டி வைப்பது, தீர்ப்பின் நகலைத் தருவது எல்லாம் அவர்கள் கையில். நீதி வழங்குவது நீதிபதி என்றாலும், அது வீடு வந்து சேர்வது இவர்கள் வழியாக.

தமிழ் மொழிபெயர்ப்பாளரின் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். செம்பனைக் குலை திருடியதாக ஒரு பையனைக் கூண்டில் நிறுத்தியிருக்கிறார்கள். குற்றச்சாட்டு மலாயில் வாசிக்கப்படுகிறது. மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி, ‘புரியுதா? ஒத்துக்கிறியா, விசாரணை வேணுமா?’ என்று கேட்கிறார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு, குற்றத்தை ஒப்புக்கொள்பவர் அதன் தன்மையையும் விளைவையும் புரிந்துகொண்டுதான் ஒப்புக்கொள்கிறார் என்று நீதிமன்றம் உறுதி செய்த பிறகே அதைப் பதிய வேண்டும் என்கிறது. அந்த விளைவு என்ற சொல்லுக்குள் சிறை இருக்கிறது, வேலை போவது இருக்கிறது, வாழ்நாள் முழுக்கத் தொடரும் பதிவு இருக்கிறது. காலையில் முப்பது வழக்குகள் வரிசையில் நிற்கும்போது, அவசர அவசரமாக ‘ஒத்துக்கோப்பா, சீக்கிரம் முடிஞ்சிடும்’ என்ற தொனியில் ஒரு கேள்வி வந்தால், அந்தப் பையன் தலையாட்டிவிடுவான். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையையும் அவன் பேசும் தமிழில் சொல்லிக் கேட்கும் மொழிபெயர்ப்பாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேர் எந்தத் தீர்ப்பிலும் பெரிதாக வராது. அவர்கள் நாட்டுக்குச் செய்வது பெரிய தொண்டு என்றே நான் நினைக்கிறேன்.

ஜாமீன் பணம் இன்னொரு விஷயம். மகனுக்காக அம்மா அடகுக் கடையில் நகையை வைத்து இரண்டாயிரம், மூவாயிரம் வெள்ளி கட்டுகிறார். வழக்கு ஒன்றரை வருடம் இழுக்கிறது. மகன் எல்லாத் தவணைக்கும் ஒழுங்காக ஆஜராகியிருந்தால், வழக்கு முடிந்ததும் அந்தப் பணம் ஜாமீன் கட்டியவருக்கே திரும்ப வேண்டும். விடுதலையானாலும் சரி, தண்டனை ஆனாலும் சரி. இது தெரியாமல், பணம் அரசாங்கத்துக்குப் போய்விட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போனவர்கள் நம் சனங்களில் உண்டு. யாரும் கேட்டு வராத பணம் கடைசியில் கோரப்படாத பணமாகக் கணக்காளர் நாயக இலாகாவுக்குப் போய்ச் சேரும் முறை 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டத்திலேயே இருக்கிறது. அங்கிருந்தும் கேட்டு வாங்கலாம். ஆனால் வழக்கு முடிந்த அன்றைக்கே, ‘உங்கள் ஜாமீன் பணத்தை இந்த ரசீதைக் காட்டி இங்கே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு அந்த ரசீது கையில் இருக்க வேண்டும்.

ரசீது என்ற அந்தத் துண்டுக் காகிதத்தைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே பேச வேண்டியிருக்கிறது. அரசாங்கப் பணத்தைக் கையாள்வதற்கு இந்த நாட்டில் தெளிவான சட்டமும் விதியும் உண்டு. 1957ஆம் ஆண்டின் நிதி நடைமுறைச் சட்டமும், அதையொட்டிய கருவூலக் கட்டளைகளும் சொல்வதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வாங்கிய ஒவ்வொரு காசுக்கும் வரிசை எண் உள்ள அதிகாரபூர்வ ரசீது கொடுக்க வேண்டும். வசூலைத் தாமதமில்லாமல் வங்கியில் போட வேண்டும். பணம் வாங்குபவரும் கணக்கைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இலாகாத் தலைவர் முன்னறிவிப்பில்லாமல் வந்து பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்க்க வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது. அரசாங்கப் பணத்துக்குத் தன் கவனக்குறைவால் நட்டம் ஏற்படுத்திய அதிகாரியிடமிருந்தே அதை வசூலிக்கும் அதிகாரமும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஐம்பது வெள்ளி வீட்டு வரி கட்டிவிட்டு ரசீதைக் கேட்டு வாங்கும் ஒருவர், இந்த முழு ஏற்பாட்டையும் ஓட வைக்கிறார். ரசீது எழுதினால்தான் வசூல் பதிவாகிறது. வசூல் பதிவானால்தான் தணிக்கையாளர் அதைத் தேட முடியும். ரசீது வாங்காமல் ‘சரி, பரவாயில்லை’ என்று வருபவர், தன் ஐம்பது வெள்ளியைக் கணக்கிலிருந்தே அழித்துவிட்டு வருகிறார்.

விதி இருந்தால் மட்டும் காவல் கிடைத்துவிடுமா? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று ஒரு சிறு நகரம். ஏறக்குறைய 16,000 பேர் வாழும் ஊர். அதிபர் ரொனால்ட் ரேகன் சிறுவயதில் வளர்ந்த ஊர் என்பதால் கொஞ்சம் பேர் பெற்றது. அங்கே நகரத்தின் நிதிக் கட்டுப்பாட்டு அதிகாரியாக 1983 முதல் இருந்தவர் ரீட்டா கிரண்ட்வெல். எல்லோருக்கும் பிடித்தவர், ஒவ்வொரு காசையும் தன் காசுபோல் பார்த்துக்கொள்கிறார் என்று பாராட்டப்பட்டவர். 1990இல் அவர் நகரத்தின் பேர் கலந்த ஒரு வங்கிக் கணக்கை ரகசியமாகத் திறந்தார். நகரப் பணத்தை அதில் திருப்பிவிட்டு, மாநில அரசின் மானியம் தாமதமாகிறது என்று மன்றத்துக்குக் காரணம் சொன்னார். சாலை போடப் பணமில்லை, ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு கொடுக்க வழியில்லை என்று நகரம் தவித்துக்கொண்டிருந்தபோது, அவர் சுமார் நானூறு காட்சிப் போட்டிக் குதிரைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் எடுத்தது 5.3 கோடி டாலருக்கும் மேல். ஆண்டுதோறும் வெளித் தணிக்கை நடந்தது, அதிலும் பிடிபடவில்லை.

பிடித்தவர் ஒரு எழுத்தர். 2011 இலையுதிர் காலத்தில் கிரண்ட்வெல் நீண்ட விடுப்பில் போயிருந்தபோது, அவர் வேலையைப் பார்த்துக்கொண்ட நகர எழுத்தர் காத்தி சுவான்சன், மாதக் கணக்கு முடிப்பதற்காக வங்கியிடம் நகரத்தின் எல்லாக் கணக்குகளின் அறிக்கையையும் கேட்டார். அவர் கேள்விப்படாத ஒரு கணக்கு அதில் இருந்தது. அதை மேயரிடம் கொண்டுபோனார், மேயர் எஃப்.பி.ஐ.யிடம் போனார். 2012 ஏப்ரலில் கைது, 2013 பிப்ரவரியில் பத்தொன்பது ஆண்டு ஏழு மாதச் சிறைத் தண்டனை. தணிக்கை நிறுவனங்கள் பார்க்காததை, தன் வேலையை ஒழுங்காகச் செய்த ஓர் எழுத்தர் பார்த்தார். பெரிய படிப்போ பதவியோ அதற்குத் தேவைப்படவில்லை. ஒரே ஆளின் கையில் இருந்த புத்தகத்தை இன்னோர் ஆள் சில வாரம் பார்த்தார், அவ்வளவுதான். பணம் கையாளும் அதிகாரிகளைக் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும், ஒரே நாற்காலியில் ஆண்டுக்கணக்கில் உட்கார வைக்கக் கூடாது என்று நிர்வாக நூல்கள் சொல்வதை டிக்சன் நகரம் 5.3 கோடி டாலர் கொடுத்துக் கற்றது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். சபாக் பெர்ணம் மாவட்ட மன்றத்தின் பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு வரி, கடை லைசென்ஸ், வாகன நிறுத்தக் கட்டணம், அபராதம், மாநில, கூட்டரசு மானியங்கள். பாகான் நக்கோடா ஓமார் மீனவரும், சுங்கை பெசார் காப்பிக் கடைக்காரரும், சபாக் பட்டணத்து முடிதிருத்துநரும் கொடுக்கும் பணம். அதைச் செலவழிப்பது பற்றித் தீர்மானிக்கும் மன்ற உறுப்பினர்களில் ஒருவரைக்கூட அவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டப்படி எட்டு முதல் இருபத்து நான்கு உறுப்பினர்கள் வரை மாநில அரசே நியமிக்கிறது. தலைவரும் நியமனம்தான்.

இப்படி ஆகியிருக்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரு தமிழரின் கையெழுத்துச் சாட்சி இருக்கிறது. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலத்தில், 1965இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. சில மன்றங்களில் நிர்வாகக் கோளாறு, பண முறைகேடு என்று புகார்கள் கிளம்பியிருந்தன. மேற்கு மலேசிய ஊராட்சி மன்றங்களை ஆராய அதே ஆண்டு அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன், ம.இ.கா.வின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர் என்றால் பலருக்கு உடனே நினைவு வரும். ஆணையம் ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டது. 1968இல் அறிக்கை கொடுத்தது. மன்றங்களில் தவறுகள் நடந்திருந்தாலும், அதற்காக மக்களின் வாக்கைப் பறிக்கக் கூடாது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிதான் வேண்டும் என்பது அதன் முடிவு. அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஊராட்சித் தேர்தலை ஒழித்தது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது.

தேர்தல் வந்தால் திருட்டு நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. டிக்சனில் தேர்தல் நடந்துகொண்டுதான் இருந்தது. அமெரிக்காவில் பல கவுண்டிகளில் நீதிமன்ற எழுத்தரையும் பொருளாளரையும்கூட மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள், பதவியேற்குமுன் அவர்களிடம் பிணைப் பத்திரம் வாங்குகிறார்கள், அப்படியும் சில இடங்களில் பணம் காணாமல் போகிறது. ஆனால் வாக்குக் கேட்டு வர வேண்டியவனிடம் கணக்குக் கேட்க முடியும். நியமனம் பெற்றவரின் கண் நியமித்தவர் மீதே இருக்கும். ஆதி நாகப்பன் அறிக்கையை மறுபடி மேசைக்குக் கொண்டுவர வேண்டிய கடமை, தமிழர் வாக்கில் ஜெயித்து வரும் எல்லாக் கட்சிக்கும் இருக்கிறது. ஒரு தமிழர் எழுதிய அறிக்கை என்பதற்காக இல்லை, அது சொன்னது சரி என்பதற்காக.

தேர்தல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. அதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தாலொழிய, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தவை என்கிறது. நம்மில் எத்தனை பேர் ஒரு மாவட்ட மன்றக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்?

பொதுப்பணம் என்பது நமக்குப் புதிய அனுபவமும் இல்லை. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை மலாயா அரசு தொடங்கியது. தொழிலாளர் எண்ணிக்கைக்கும் உழைத்த நாளுக்கும் ஏற்பத் தோட்ட முதலாளிகள் அதில் பணம் கட்டினார்கள். தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவு அதிலிருந்து போனது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவி கொடுத்து அனுப்புவதைத் தடுத்த பிறகு, மிஞ்சிய நிதி 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி வாரியத்தின் கைக்கு வந்தது. 1999இல் நாடாளுமன்றம் அந்த வாரியத்தைக் கலைத்தது, சொத்து கூட்டரசு அரசாங்கத்துக்குப் போனது. நம் முன்னோர் உழைப்பின் பேரில் சேர்ந்த அந்தப் பணத்தின் வரவையும் செலவையும் தோட்டத்து லயத்தில் இருந்த எந்தத் தொழிலாளியும் படித்துப் பார்த்ததில்லை. இப்போது இந்தியர் நலனுக்கான மித்ரா இருக்கிறது. 2014இல் செடிக் என்று தொடங்கி, 2018இல் மித்ரா என்று பேர் மாறிய பிரிவு. ஆண்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கீடு. 2021இல் அந்தப் பணத்தின் மேல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்த வேண்டி வந்தது. இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பணத்தை இந்தியர்கள் பேரிலேயே வாங்கி, பயிற்சி நடக்காமலே நடந்ததாகக் கணக்குக் காட்டுவது என்றால், அதைவிடக் கேவலம் வேறு என்ன இருக்கிறது?

அரசாங்கத்தைக் கேட்கும் அதே வாயால் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கோயில் சங்கங்கள், மன்றங்கள், இளைஞர் இயக்கங்கள் எல்லாம் 1966ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த அறுபது நாளுக்குள் கணக்கைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். திருவிழாவுக்கு ரசீதுப் புத்தகம் அடித்து வசூல் பண்ணுகிறோம். திருவிழா முடிந்ததும் அந்தப் புத்தகத்தின் அடிக்கட்டைகள் எங்கே என்று கேட்டால், பொருளாளருக்குக் கோபம் வருகிறது. கோயில் பணத்துக்குக் கணக்கு கேட்பவரை அவமதிப்பவராகப் பார்க்கும் சமூகம், மாவட்ட அலுவலகத்தில் போய் எந்த முகத்தோடு கணக்குக் கேட்கும்? வரவு செலவுக் கணக்கைக் கோயில் மண்டபத்துச் சுவரில் ஒட்டி வைக்கும் நிர்வாகங்களும் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. அவர்களைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ளலாம்.

எழுத்தர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு முகப்பிடத்தில் மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்கிறார். கணினி முறை மாறுகிறது, பயிற்சி போதவில்லை, தமிழ் பேசுபவர் இருக்கையில் இல்லாத நாளில் பாட்டிகளோடு சைகையில் பேச வேண்டியிருக்கிறது. குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டு, குருவியைத் திட்டிப் பயனில்லை. மாநில அரசுக்கு நான் வைக்கும் கோரிக்கை பெரிதல்ல. நில அலுவலகங்களிலும் ஊராட்சி மன்றங்களிலும், தமிழர் அதிகம் வந்துபோகும் இடங்களில், தமிழ் தெரிந்த ஓர் அலுவலரையாவது முகப்பிடத்தில் வையுங்கள். விண்ணப்பம் திருப்பப்படும்போது என்ன குறைகிறது என்பதை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். சிறு சொத்துப் பங்கீட்டுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்ற பட்டியலைத் தமிழிலும் ஒட்டி வையுங்கள். அரசாங்கம் ஒரு மாதத்தில் செய்துவிடக் கூடிய வேலைகள் இவை.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தை நாட்டிலேயே முதலில் இயற்றிய மாநிலங்களில் சிலாங்கூரும் ஒன்று, ஆண்டு 2011. மாநில இலாகாக்களிடமும், மாவட்ட அலுவலகத்திடமும், ஊராட்சி மன்றத்திடமும் இருக்கும் தகவலைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்கலாம். அதிகாரி முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் மாநிலத் தகவல் வாரியத்திடம் முறையீடு செய்யலாம். இந்தச் சட்டத்திலும் குறை உண்டு: எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டும், சொன்ன காரணத்துக்கு மாறாகத் தகவலைப் பயன்படுத்தினால் குற்றம் என்கிறது. அந்த விதியை நீக்க வேண்டும் என்று தொடர்ந்து கேட்க வேண்டும். நீதிமன்றங்கள் கூட்டரசைச் சேர்ந்தவை, அவற்றுக்கு இது பொருந்தாது. இருந்தும், நம் கையில் இருக்கும் ஆயுதத்தில் இது கூரானது. பதினான்கு ஆண்டுகளுக்கு மேலாக அதை உறையிலேயே வைத்திருக்கிறோம்.

உங்கள் தெருவின் கால்வாய்க்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, எந்தக் குத்தகையாளருக்குப் போனது, வேலை முடிந்ததா என்று ஒரே ஒரு விண்ணப்பம் போடுங்கள். படித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், மலாயில் எழுதிக் கொடுப்பார்கள். அப்பா, தாத்தா பேரில் நிலம் இருந்தால் இந்த ஆண்டே சிறு சொத்துப் பங்கீட்டுக்கு விண்ணப்பியுங்கள், நிலவரி பாக்கியைத் தீருங்கள், பதிவு செய்யாத திருமணங்களைப் பதிவு செய்யுங்கள். நீதிமன்றத்தில் ஜாமீன் கட்டியிருந்தால் ரசீதைத் தேடி எடுத்து, வழக்கு முடிந்துவிட்டதா என்று பதிவதிகாரி அலுவலகத்தில் விசாரியுங்கள். முகப்பிடத்தில் பணம் கொடுக்கும்போது ரசீது வந்த பிறகே அந்த இடத்தை விட்டு நகருங்கள், அதில் தேதியும் தொகையும் உங்கள் பேரும் சரியாக இருக்கின்றனவா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.